முன்னச்சு

ஹெடிங்லி, மனிடோபா. விடிய இன்னும் இரண்டு மணித்தியாலம்.
குளிர் மைனஸ் முப்பத்தொன்று.
தராசுத் தட்டில் வண்டியோடு ஏறி நிற்கிறேன்,
பின்னால் இருபத்திரண்டு பாலெட் தக்காளி டின்.

ஸ்பீக்கரில் மாரிசெலின் குரல்:
"முன்னச்சு ஐயாயிரத்து அறுநூற்று எண்பது, அக்கா."
(அக்கா மட்டும் தமிழ். நான் பழக்கியது.)
மொத்த நிறையில் பிழையில்லை.
நடு அச்சுகளுக்கு இன்னும் பசி.
முன்னுக்கு மட்டும் நூற்று எண்பது கிலோ கூட.
அரசாங்கத் தராசோ
நெடுஞ்சாலையில் லைட்டைப் போட்டுக்கொண்டு
எனக்காக முழித்திருக்கிறது.

கபினுக்குள் ஏறித் தேடுகிறேன்,
நூற்று எண்பது கிலோவைக்
கையால் தூக்கி வெளியே வைத்துவிடலாம் என்பதுபோல.
ஒரு மூட்டை சிவப்பரிசி. தண்ணீர்க் கான் நாலு.
ரைஸ் குக்கர்.
தயாபரன் விட்டுப்போன டம்பெல் ஒரு சோடி.
எல்லாம் கூட்டினாலும் எண்பது தேறாது.

டாங்க் இரண்டும் வாய்முட்ட டீசல்.
லீட்டருக்கு நாலு சதம் மலிவென்று
சற்றுமுன் நானே நிரப்பியது.
ஓடினால் எரிந்து குறையும்.
ஓட விட்டால்தானே?

தயாபரன் போய் மூன்று மாதம்.
அவனுடைய தொண்ணூறு கிலோ இறங்கியும்
முன்பக்கம் கனக்கிறது.
கணக்கு எங்கேயோ இடிக்கிறது.

குனிந்து டோர்ச் அடித்துப் பார்க்கிறேன்.
ஐந்தாம் சக்கரம்.
சக்கரம் என்று பேர்தான், ஒருநாளும் உருண்டதில்லை.
ட்ரெய்லரின் கழுத்தை மடியில் வாங்கிக்கொண்டு
கிறீஸ் அப்பிக் கிடக்கிற இரும்புத் தட்டு.
அது சட்டத்தின் முன்நுனியில், கடைசிப் பல்லில்.

அவன் தள்ளி வைத்த இடம்.
"முன்னுக்கு நின்றால் குலுக்கம் குறைவு.
நீ நித்திரை கொள்ளலாம்."
இரண்டு வருடம் ஒருவர் ஓட்ட ஒருவர் தூங்கினோம்.
சேர்ந்து விழித்திருந்தது
டீசல் அடிக்கும் பத்து நிமிடங்களில் மட்டும்.
அப்போதெல்லாம் ஏற்றியது
சிப்ஸ், பேப்பர் துவாய், வெறும் காற்றுச் சரக்கு.
ஒரு தராசும் எங்களைக் கேள்வி கேட்கவில்லை.

ஆக, இது என் நித்திரையின் நிறை.

ட்ரெய்லர் பிரேக்கைப் பூட்டினேன்.
ஊன்றுகாலை நிலம் தொடும்வரை சுற்றி இறக்கினேன்.
பூட்டுத் திறக்கும் சுவிட்சைத் தட்டினேன்.
காற்றுச் சீறியது. ஊசி அசையவில்லை.
உறைந்து போயிருந்தது.
சுத்தியலால் நாலு அடி,
ஐந்தாவது என் விரலில்,
அதற்கொரு தூஷணம், அதற்குப் பிறகுதான் டக்கென்று ஒரு சத்தம்.

பாரத்தைப் பின்னுக்குத் தள்ள
வண்டியை முன்னுக்கு எடுக்க வேணும்.
முதல் முறை கேட்டபோது எனக்கு விளங்கவேயில்லை.
மெல்ல, மிக மெல்ல,
ஒரு பல். இன்னொரு பல்.
பூட்டு விழுந்ததா என்று ஒருதரம் இழுத்துப் பார்த்தேன்.
விழுந்திருந்தது.

"ஐயாயிரத்து நானூற்று எண்பது," என்றாள் மாரிசெல்.
மறு நிறுவைக்குக் குறைந்த காசுதான்.
ரசீதோடு என் விரலையும் பார்த்து
ஐஸ் வேணுமா என்று கேட்டாள்.
மைனஸ் முப்பத்தொன்றில்.
இரண்டு பேரும் சிரித்தோம்.

அரசாங்கத் தராசில் பச்சை விழுந்தது.
அதற்கப்பால் சமவெளி, வெள்ளை, ஒரு வளைவும் இல்லை.
ஸ்டியரிங் இப்போது கைக்கு லேசாக இருக்கிறது.
பனித்தளத்தில் அது அவ்வளவு நல்லதில்லை.
டயர் நிலத்தைக் கடிக்கவும் கொஞ்சம் கனம் வேண்டும்.
வேகத்தை எண்பதுக்கு இறக்கினேன்.

குலுங்குகிறது.
குலுங்கட்டும், பின்படுக்கையில் யாருமில்லை.
டம்பெல் இரண்டும்தான் கட்டிலுக்கடியில்
அங்கே ஓடி இங்கே முட்டுகின்றன.
போர்ட்டாஜில் நிறுத்தி
ஒரு துவாயிலாவது சுற்றி வைக்கவேணும்.