நான்காவது வார்ப்பு

சிப்காட் ஆய்வகத்தில் எனக்கு
உடைக்கிற வேலை.
நாய் எலும்பு வடிவில் வார்த்த துண்டை
இரு தாடைக்கும் கொடுத்து இழுப்பேன்.

முதல் பிறவியில் அறுபத்திரண்டு மெகாபாஸ்கல்.
கரைத்து, ஊற்றி, சூட்டில் இறுக்கி
மறுபடி உடைத்தோம்.
அறுபத்தொன்று.
பிறகு ஐம்பத்தொன்பது.

இன்று நான்காவது.
வாசலில் சோனாங்குப்பம் தர்மபூபதி,
உருகவும் மக்கவும் தெரியாத
பழைய ஃபைபர் படகின் விலாவோடு.

"இதையும் கரைச்சுத் தருவீங்களா?"
"இது வேற பிசின், அண்ணே. வராது."
"அப்ப உங்களது கடல் தாங்குமா?"

திரையில் ஐம்பது.
ஐம்பத்தைந்து.
கரண்ட் போனது.

உப்பனாற்றுக் காற்று ஜன்னலை அடிக்கிறது.
பிடிக்குள் துண்டு
உடையவில்லை, விடவும் இல்லை.
படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.

விலாவைச் சுவரில் சாய்த்துவிட்டு
ஸ்டூலை இழுத்துப் போட்டு
உட்கார்ந்தார்.
"வரட்டும்."