பெயர் கூப்பிடும் நேரம்

போர்ட் லூயி பேரவையில்
வாக்கெடுப்புக்குப் பெயர் வாசிக்கிறவன் நான்.
காவடி அழைப்பிதழில் வேலாயுதம்,
என் தாளில் வெலாயுதோம்.
எங்கள் தொகுதிக்காரர்.

மெட்ரோ பாதைக்கு
ரோஸ்ஹில்லில் பன்னிரண்டு வீடு குறித்தபோது
எங்கள் சந்தில் நின்று அழுதார்,
நிஜமாகவே. கைக்குட்டை கொடுத்தது நான்.
செவ்வாய்க்கிழமை பெயர் கூப்பிட்டேன்.
ஆம் என்றார், இருமலோடு.
இருமலுக்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

கடற்கரைக் குத்தகைச் சட்டம்: வரவில்லை.
வலைத் தடை: இரண்டாம் வாசிப்பில் ஆம்,
மூன்றாம் வாசிப்பில் கழிப்பறை.
தண்ணீர்க் கட்டணத்தை
சந்தை மேடையில் கிழித்தெறிந்தார், தாளோடு.
அவையில் அதற்கும் ஆம்.

ஒரே ஒருமுறை
கட்சிக் கொறடா திரும்பிப் பார்க்கப் பார்க்க
இல்லை என்றார்.
கரும்புக்காட்டைக் கூறுபோட்டு
மனை கொடுக்கிற மசோதா அது.
அடியில் ஊற்று ஓடுகிறது,
மூன்று ஊர் குடிக்கிற தண்ணீர் என்று
குறிப்பில்லாமல் நான்கு நிமிடம் பேசினார்.
அந்த மனைக்கு
நானும் மனுப் போட்டிருந்தேன்.
அடுத்த பெயரை வாசிக்க எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.
அதுவும் பதிவில் இல்லை.

முந்நூற்றுச் சொச்சத்தில் தோற்றார்.
"அவருக்குத்தானே போட்டீங்க?" என்றாள் மனைவி.
"பின்னே?" என்றேன்
தால்பூரிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே.

அவருடைய பதினோரு வருஷமும்
தோல் அட்டைக்குள் நூலகத்தில் இருக்கிறது.
யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

என் சீட்டை
நான்காய் மடித்துத்தான் போட்டேன்.