பத்தேகால்

திருப்பாலைக்குடியில் புயல் காப்பகம்
கட்டி முடித்த நாளிலிருந்து
அங்கே வந்து ஒதுங்கியது நாங்கள்தான்.
காலை ஆறரைக்கு, செருப்பை வெளியே விட்டுவிட்டு,
ஒன்பது பேர்.

கல்யாண மண்டபத்துக்குத் திரும்பாமல் போன நாற்காலிகள்.
கை ஊன்றாமல் எழ வேண்டும், ஊன்றாமல் உட்கார வேண்டும்.
தோளுக்குப் பழைய சைக்கிள் டியூப்.
அரை லிட்டர் பாட்டிலில் ஈரமணல் அடைத்தால்
ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி,
உப்பளத்துக் கணக்கில் சொன்னாள் உமையம்மாள்.
செவ்வாய்க்கிழமை மட்டும்
ராமநாதபுரத்திலிருந்து பிசியோ பெண் பஸ்ஸில் வருவாள்.
மற்ற நாளெல்லாம் ஒருவரை ஒருவர் திருத்திக்கொள்வோம்,
பெரும்பாலும் தப்பாக.

நான் மூன்று வாரம் வாசலோடு திரும்பியவன்.
இருபத்தாறு வருஷம் விசைப்படகு எஞ்சினில் கை வைத்தவன்,
எந்தச் சத்தம் எங்கிருந்தென்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
இப்போது என் வயிற்றில் ஒரு பை.
அது நினைத்த நேரம் பேசும்.
உள்ளே போன முதல் நாள், குனிந்ததும் பேசியது.
கூடம் அமைதியாகிவிட்டது.
தொண்டையில் துளை போட்ட அஸனார்
சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டினார்:
"டீசல் லைன்ல காத்து புடிச்சிருக்கு."
சிரித்தேன், தையல் வலிக்க வலிக்க.
மறுநாளும் போனேன்.

காளீஸ்வரன் வலைக்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருகிறார்.
மகளுக்கு நிச்சயம் முடியும்வரை வெளியே தெரியக்கூடாதாம்.
கையில் தினமும் அதே நைலான் கண்டு.
கரண்டு வைக்கப் போகிறவர்களுக்கு மதுரைக்கு ஒரு வேன்,
வாந்தி வருகிறவருக்கு ஜன்னலோரம்.
வேறு சட்டம் எதுவும் போடவில்லை.

எண்ணுவது செபஸ்தியம்மா.
நண்டு ஏலம் கூறிய வாய்.
இடது மார்பை எடுத்த பிறகு வீங்கிய கையில் ஏறாத வளையலை
தாலிக்கயிற்றில் கோத்துப் போட்டிருக்கிறாள்.
சுவரைப் பார்த்து நின்று
விரல்களை ஒவ்வொன்றாக மேலே நடத்தியபடி எண்ணுவாள்.
தொட்ட இடத்தில் பென்சில் கோடு, பக்கத்தில் தேதி.
எட்டு வரைக்கும் ஒழுங்கு.
அதற்குமேல் சந்தை வந்துவிடும்:
ஒம்பது, ஒம்பதேகால், ஒம்பதரை,
மேல கேக்குறீகளா,
ஒம்பதே முக்கா, பத்து,
பத்தேகால்…
தூக்கிய கைகள் தூக்கியபடி நிற்கும்.
"ஒரு வெலையில முடிடீ" என்பாள் ஜெய்த்தூன் பீவி,
கை நடுங்கும், இறக்கமாட்டாள்.

கச்சான் அடிக்கத் தொடங்கிய வாரம்
செபஸ்தியம்மாவுக்கு மறுபடியும் ஸ்கேன்.
எலும்பில் ஏதோ சந்தேகம் என்றார்கள்.
வேனில் ஏறும்போது
"பாட்டிலைக் கழுவி வையிங்க, மணல் நாறுது" என்றாள்.

அன்று நான் எண்ணினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
எஞ்சின் ஓட்டம்போல் பிசகாமல் பத்து வரைக்கும்.
பத்தில் எல்லோரும் கையை இறக்கினோம்.
ஏழு மணிக்கு முன்பே எல்லாம் முடிந்துபோயிற்று.
ஒருவரும் செருப்பைத் தேடவில்லை.

கடல் வெகுதூரம் உள்ளே போயிருந்தது.
சேற்றில் ஒரு வல்லம் ஒருக்களித்துக் கிடந்தது.
காளீஸ்வரன் நூல்கண்டைப் பிரித்தார், சுற்றினார், பிரித்தார்.
ஜன்னல் கட்டையில் வைத்த போனை
ஆளுக்கொரு தடவை பார்த்தோம்.
சுவரில் அவள் கோடு
என் தலைக்கு மேலே ஒரு சாண்.

உமையம்மாள் ஒன்றும் சொல்லாமல்
கழுவிய பாட்டிலில் மறுபடி மணலை அள்ளினாள்.
பிறகு அஸனார், எந்த நாளும் செய்யாததைச் செய்தார்.
சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு
தொண்டைத் துளையை விரலால் அடைத்து
பாதி காற்றும் பாதி கரகரப்புமாக
"பத்தேகால்" என்றார்.

எல்லாக் கைகளும் மேலே போயின.
என் பையும் ஏதோ சொன்னது.
யாரும் திரும்பவில்லை.