பதினேழாவது நடை

எட்டு வோல்ட் ஈயப் பெட்டிகள் ஆறு.
ஒவ்வொன்றும் இருபத்தெட்டுக் கிலோ.
அடைக்கலம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்
பிடித்து இறக்கி முடித்ததும்
பட்டைகள் முனக
வண்டி நான்கு விரல் உயர்ந்து நின்றது.

கானாடுகாத்தானில் விடுதி.
இந்தத் தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடியும் வீடு.
விருந்தாளிக்கு வேர்க்கக் கூடாதென்று வாங்கிய வண்டி.

"எழுபத்திரண்டு வோல்ட் போட்டா பறக்குமாமே?"
என்றார் மேலாளர் வயிரவன்.
பறக்கும், புகையாக.
கன்ட்ரோலரின் வயிற்றில் எழுதியிருக்கிறது:
நாற்பத்தெட்டு. அறுபதைத் தாண்டாதே.

ஆகவே செல்களை எண்ணினேன்.
ஒன்றுக்கு மூன்று புள்ளி இரண்டு.
பதினைந்து வைத்தால் கச்சிதமாய் நாற்பத்தெட்டு,
மேட்டில் கொஞ்சம் மூச்சு வாங்கும்.
பதினாறு வைத்தால் ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு;
வயிறுமுட்ட ஏற்றினாலும் ஐம்பத்தெட்டு புள்ளி நான்கு,
அறுபதுக்கு இந்தப் பக்கமே நிற்கும்.
பதினாறு.

வோல்ட்டை இயந்திரமே சொல்லிவிடுகிறது.
ஆம்பியர் மணியை யார் சொல்வது?

"அறுபது போதும். நூற்றைந்துன்னா விலை ஒன்றரை மடங்கு."
வயிரவன் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்.
நாளுக்குப் பதினாறு நடை,
நடைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர்: இருபத்துநான்கு.
கிலோமீட்டருக்குத் தொண்ணூறு வாட் மணி:
இரண்டாயிரத்து நூற்று அறுபது.
அறுபதுப் பெட்டிக்குள் மூவாயிரத்துச் சொச்சம் கிடக்கும்.
அடியில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் விட்டாலும் போதும்.
"முதலில் கைவைக்காம வட்டியிலேயே ஓடும்" என்றார்.
இந்த ஊரில் எந்தக் கணக்கும்
அங்கேதான் போய் நிற்கும்.

கையெழுத்துப் போடும் முன்
வண்டியின் கிலோமீட்டர் எண்ணைப் பார்த்தேன்.
நேற்றுக் காலைக்கும் இன்று காலைக்கும் நடுவே
முப்பத்தொன்று.

ஏழு எங்கே போனது?

அடைக்கலம் குனிந்து
கேபிள் முனையை உப்புத்தாளால் தேய்த்தான்.
பளபளத்துவிட்ட முனையை மறுபடி தேய்த்தான்.

"ராத்திரி பத்தேமுக்காலுக்கு
அடுப்படியக் கழுவிவிட்டுட்டு நாலு பேரு கெளம்புவாக.
பள்ளத்தூர் ரோட்டுல மூணரைக் கிலோமீட்டர், வெளக்கே இல்ல.
போன ஆடியில ஒரு பைக்கு
வெள்ளச்சி கூடவே வந்து மறிச்சுச்சு.
அன்னைலேருந்து நான் கொண்டுபோய் விடுறேன்.
ஐயாவுக்குத் தெரியாது.
திரும்புறப்ப பேட்டரி செத்துரும்.
தள்ளிக்கிட்டே வந்துருவேன்."

ஈயப் பெட்டிகள் ஆறும்
இரண்டே வருடத்தில் ஏன் மாண்டன என்று
அப்போதுதான் விளங்கியது.
முதலையும் தின்ற ஓட்டம்.

முப்பத்தொன்றைத் தொண்ணூறால் பெருக்கினேன்.
இரண்டாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு.
அறுபது வாங்கினாலும் புதிதில் ஓடிவிடும்.
மூன்றாம் வருடம், ஐப்பசி மழையில்,
நால்வரும் இறங்குவதற்கு முன்பே தீரும்.
ஈயம் மாதிரி இழுத்து இழுத்துச் சொல்லிக்காட்டாது லித்தியம்.
உள்ளிருக்கும் பலகை ஒரே வெட்டாய் வெட்டும்.
அப்புறம் இருட்டு.

பரிந்துரைத் தாளில் எழுதினேன்:
'ஆறு பேருடன் வாசல் மேட்டில் கிளம்புகையில்
கிளாம்ப் மீட்டர் நூற்றுநாற்பது ஆம்பியர் காட்டுகிறது.
அறுபது தாங்கும், திணறித் தாங்கும்.
ஆகவே நூற்றைந்து.'
இதில் பொய் ஒன்றுமில்லை.
பொய் இல்லாத இடமாகப் பார்த்து எழுதினேன்,
அவ்வளவுதான்.

வயிரவன் இரண்டு முறை படித்தார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"நூற்றைந்தா" என்றார்.
பேனாவைத் திறந்தபடி,
"முன்விளக்குக்குத் தனியாப் பன்னிரண்டு வோல்ட் கன்வெர்ட்டர்
போடுறீங்கல்ல?
ராத்திரியில ஓடுற வண்டி."

உப்புத்தாள் சத்தம் நின்றது.