உடைந்த ஊசி நோட்டு

பாபினுக்கு நாலு மாசம்.
பால்பல் ஆடுகிறது.
ஆடுகிற பல்லுக்கு அகப்பட்டதெல்லாம் கரும்பு:
செருப்பு வார், கதவு மூலை,
சார்த்தி வைத்த விளக்குமாறு,
என்ற கெண்டைக்கால்.

மார்கழியில் பதினஞ்சு வேலம்பாளையத்து லைன் வீட்டுத் தரை
பாதத்தைக் கடிக்கும்.
கம்பெனியில் ஒரு பை பிளீஸ் வேஸ்ட் கேட்டு வாங்கி வந்தேன்.
எந்த நாட்டுக் குழந்தைக்கோ வெட்டிய குல்லாயில்
காதுக்கு வெளியே விழுந்த துணி,
ரிஜெக்ட் ஆன குல்லாயும் ஒண்ணு ரெண்டு.
தொட்டால் பஞ்சாட்ட இருக்கும்.
பரப்பி விட்டேன்.
மூணு சுத்துச் சுத்தித் தொப்பென்று விழுந்தான்.
நானும் படுத்தேன்,
நல்ல காரியம் ஒண்ணு செய்த நெனப்பில்.

ராத்திரி அவன் மெத்தையைத் தின்றிருக்கிறான்.

கடிப்பான் என்று தெரியும்.
முழுங்குவான் என்று தெரியவில்லை.
காலையில் கக்கினான்,
சோத்தோடு நீலத்தில் ரெண்டு துண்டு.
அப்புறம் மூலையில் சுருண்டவன்
பேர் சொல்லியும் எந்திரிக்கவில்லை.
தூக்கிப் பார்த்தால்
வாலுக்கடியில்
ஒரு நூல் தொங்குகிறது.

நூலென்றால் என்ற கை தானாகப் போகும்.
பதினோரு வருஷமாகப் பிசிறு வெட்டுகிறவள் நான்.
கழுத்துப்பட்டி, கைவிளிம்பு, அக்குள், அடிமடிப்பு,
நாளுக்கு எண்ணூறு பீஸ்.
பஸ்ஸில் முன்னால் நிற்பவர் சட்டையில் தொங்கினாலும்
விரல் ஊறும்.

"தொட்றாதீங்க" என்றார் டாக்டர் கோகிலவாணி.
பழம் கனிந்ததா என்று பார்க்கிறவர் மாதிரி
வயிற்றை மெல்ல அமுக்கினார். படம் எடுத்தார்.
"எங்க வேலை பாக்கறீங்க?"
"பனியன் கம்பெனிங்க. டிரிம்மிங்."
"அப்பச் சொன்னாப் புரியும்.
தையல்ல ஒரு நூலைப் புடிச்சு இழுத்தா
துணி என்னாகும்?"

சுருங்குமுங்க.
கொசுவம் கொசுவமாக் கூடிக்கும்.
சொல்லும்போதே என்ற வயிறு கூடிக்கொண்டது.

மறுபடி கக்கினால் எந்த நேரமானாலும் தூக்கிட்டு வரணும்.
இழுக்க மட்டும் கூடாது.

அன்றைக்கு ஷிப்ட் போச்சு.
கழுத்தில் கத்திரி தொங்க உட்கார்ந்திருந்தேன்,
ஒரு பிசிறைப் பார்த்துக்கொண்டு,
வெட்டாமல்.
பக்கத்து ரூம் பிரமோத் ரெண்டு தடவை எட்டிப் பார்த்து
"அக்கா, ஆச்சா?" என்றான்.
எதிர்ச்சந்தில் நிட்டிங் மெஷின்
ராத்திரி பூரா நூலைத் தின்று
துணியாகக் கக்கிக்கொண்டிருந்தது.
அதற்கு மட்டும் ஒண்ணும் ஆவதில்லை.

விடியக்காலம் நாலரைக்கு ஆச்சு.
டார்ச் அடித்து, குச்சியால் கிளறி எண்ணினேன்.
சிரிக்காதீங்க.
நீலம் நாலு. சாம்பல் ரெண்டு.
ஒரு சைஸ் லேபிள், எழுத்தழியாமல்:
ஆறு முதல் ஒன்பது மாதம்.
நூலும் கூடவே வந்திருந்தது, ஒரு சாண்.
பிரமோத் கதவைத் தட்டிச் சொன்னேன்.
தூக்கக் கலக்கத்தில் கையெடுத்துக் கும்பிட்டான்.

இப்போது படுக்கை வெறும் சிமெண்டு.
குளிருக்கு என்ற முதுகு.
நைட்டி விளிம்பைச் சுருட்டி எனக்கடியில் செருகிக்கொள்கிறேன்.
ஈறு நமைச்சலுக்கு
வீட்டுக்காரம்மா ஃப்ரிட்ஜில் ஒரு கேரட், அவன் பேருக்கு.
ஈரத்துண்டை முறுக்கி ஐஸில் வைத்துக் கொடு என்றாள்
கூட வேலை பார்க்கிற சாவடிப்பாளையத்துக்காரி.
துணிப் பேச்சே வேண்டாம் தாயி என்றேன்.

கம்பெனியில் ஊசி உடைந்தால்
கடைசித் துண்டு கிடைக்கும்வரை மெஷின் ஓடாது.
தேடியெடுத்து நோட்டில் செல்லோடேப்பால் ஒட்டி,
தேதி போட்டு, கையெழுத்து வாங்குவார்கள்.
போன செவ்வாய் கூட்டும்போது
விளக்குமாற்றில் சின்னதாய் எதுவோ தட்டியது.
கோரைப்பல்.
முனை இன்னும் குத்துகிறது.

காலண்டரில் ஒட்டியிருக்கிறேன், அந்தத் தேதியிலேயே.
இருபத்தெட்டில் ஒண்ணு.
மிச்சத்தை அவனே முழுங்கியிருப்பானாம்,
அது பரவாயில்லையாம்.

கையெழுத்து நான் போட்டேன்.
காலண்டர் ஓரத்தை
அவன் கடித்து வைத்திருக்கிறான்.