பக்கத்தில் பத்து பெசோ நாணயம் வைக்கவும்

ஜூலைக் குளிரில் மொண்டேவீடியோ நகரமே
கோட்டுப் பைக்குள் கைவிட்டு நடக்கும்.
எங்கள் கடைக்கு வருகிறவர்கள் மட்டும்
உள்ளங்கையில் எதையாவது பொத்திக்கொண்டு வருவார்கள்.
துருப்பிடித்த திருகு, நைந்த வாஷர்,
பாதியில் முறிந்த குழாய்த் தண்டு.
மேசைமேல் வைத்து ‘இது’ என்பார்கள்.
தார்தோ ஒருமுறை பார்ப்பார்.
ஏணியில் ஏறி
இன்னொரு ‘இது’வோடு இறங்குவார்.
நாற்பத்தோரு வருஷ வியாபாரம்
ஒரேயொரு சுட்டுப்பெயரில் நடந்தது.

பக்கத்துப் பூட்டுக்கடை மூடிவிட்டார்கள்.
ஷட்டரில் ஒட்டிய தாளில் ஓர் இணைய முகவரி.
போய்ப் பார்த்தேன். ‘விரைவில்’ என்று மட்டும் இருந்தது.

இணையத்தில் ‘இது’ செல்லாது.
பெயர் வேண்டுமாம். விட்டம் வேண்டுமாம்,
மில்லிமீட்டரில், புள்ளிக்குப் பின்னும் ஓர் எண்ணோடு.
முதல் இரவு ஒன்பது டப்பாக்களுக்குப்
பெயர் வைப்பதற்குள் எங்களுக்குள் சண்டை.
‘இல்தா வீட்டு பிடே குழாயினுடையது’ என்கிறார்.
நான் எதைத் தட்டச்சு செய்ய?

முதல் பார்சல் திரும்பி வந்தது.
இரண்டாவதும்.
அடுத்ததற்கு மூன்று நட்சத்திரம்:
‘பொருள் சரி. கடைக்காரர் நன்றாகப் பேசுவார் என்றார்கள்.
பேசவேயில்லை.’
வாசித்துக் காட்டியதும்
அன்று முழுக்க யாரோடும் பேசாமல் இருந்தார்.

பிறகுதான் அந்த வரியைச் சேர்த்தேன்:
உடைந்ததைப் படமெடுத்து அனுப்புங்கள்.
பக்கத்தில் பத்து பெசோ நாணயம் வைக்கவும்.

வரத் தொடங்கின
சமையலறை மேடைகள், ஈரத் துணிகள்,
நகப்பூச்சு உரிந்த விரல்கள், ஒரு பூனை வால்.
எல்லாவற்றிலும் நாணயத்துப் பூமா நடந்துகொண்டிருந்தது.
‘பூமாவின் முதுகளவு. பதின்மூன்று’ என்பார் தார்தோ.
நான் சரிபார்ப்பேன்.
பதின்மூன்றுதான்.

நேற்று ஆர்த்திகாஸிலிருந்து,
அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, ஒருத்தி.
அவளுக்குக் குழாயைக் கழற்றத் தெரியாது.
படமில்லை, நாணயமில்லை,
இருபது விநாடிக் குரல்பதிவு மட்டும்.
சொட்டு.
சொட்டு.
இடையே அவள் மூச்சு.
கடைசியில், ‘தூங்கி நாலு நாளாகிறது.’

தார்தோ வானொலியை நிறுத்தினார்.
தெருப்பக்கக் கதவைச் சாத்தினார்.
ஃபோனைக் காதோடு ஒட்டி மூன்று முறை கேட்டார்.
பிறகு ஏணி.

கூரியர் செலவு பொருள் விலையைப்போல் ஆறு மடங்கு
என்றேன்.
‘எழுதிக்கொள்’ என்றார்.
எதை என்று சொல்லவில்லை.
நான் விலாசத்தை எழுதினேன்.

அவர் பார்க்காதபோது
உறைக்குள் இன்னொரு வாஷரும் போட்டேன்,
அரை மில்லிமீட்டர் பெரியது.
முதலாவது, அவர் காது சொன்னது.
மற்றது
காது தப்பாயிருந்தால்.