இரண்டு விரல் அகலம்

சாயங்காலம் காற்று நின்றுவிட்டது.
அதுதான் முதல் அறிகுறி.
கழுவிக் கவிழ்த்த சட்டிபோல வானம்,
ஒரு பொட்டு மேகம் இல்லை.
கந்தப்பளையில் இத்தனை அழகான மாலையை
விவரம் தெரிந்தவர் யாரும் நம்புவதில்லை.

துகள் உறைபனி என்கிறது ரேடியோ,
மூன்று இரவுகளுக்கு.
பெயர் வைத்தவருக்குக் குளிரவில்லை போலும்.
இங்கே நாங்கள் சொல்வது,
இன்றைக்கு வெள்ளை விழும்.

பீலித் தண்ணீரை வெளிச்சத்திலேயே பிடித்துவைத்தேன்.
விடியலில் போனால் கல் வழுக்கும்.
போன தையில் கிளாக்கர் வீட்டுத் தவமலர்
குடத்தைக் காப்பாற்றி
முழங்கையை உடைத்துக்கொண்டாள்.

பின்பக்கத்து உருளைக்கிழங்குப் பாத்திக்கு
என் கூறைச்சேலை தவிர
வீட்டிலிருந்த துணியெல்லாம் போர்த்தியாயிற்று.
இருட்டில் பார்த்தால்
ஊரே வரிசையாகப் படுத்திருப்பதுபோல் இருக்கிறது.

கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே
கை நுழையும் சந்து.
மேசைமேல் ஸ்டூல், ஸ்டூல்மேல் நான்,
ஸ்டூலின் காலைப் பிடித்தபடி டிலக்சி,
மறு கையில் பிஸ்கட்.
யூரியாச் சாக்கைச் சுருட்டிச் சுருட்டித் திணித்தேன்.
கதவடியில் கிழிந்த கம்பளி.
சாவித் துவாரத்துக்குக்கூட
அவள் விஞ்ஞானக் கொப்பியில் ஒரு தாள்.

போஸ் எடுத்தார், கொழும்பிலிருந்து.
அவர் பேச்சுக்குப் பின்னால் மின்விசிறி சுற்றுகிறது.
"கரி இருக்குதானே?
சட்டியில போட்டு உள்ளுக்கு வச்சிட்டுப் படுங்க."
இருக்கு என்று மட்டும் சொன்னேன்.

பணிய லயத்தில் நவமணி
அப்படித்தான் படுத்தாள், மகனோடு.
என்னைவிட நேர்த்தியாக அடைத்திருந்தாள்.
ஒரு சந்து விடவில்லை.
கதவை உடைத்து உள்ளே போனோம்,
காம்பரா அத்தனை இதமாக இருந்தது.
இரண்டு முகமும் சிவந்து,
காய்ச்சல் விட்டுத் தூங்குகிறவர்கள்போல.
குளிரில் செத்தார்கள் என்று
எழுதிக்கொண்டு போனார்கள்.
குளிர் அங்கே நுழையவே இல்லை.

அடுப்பில் செங்கல் நான்கு சுட்டு
சாக்கில் சுற்றிக் கால்மாட்டில் வைத்தேன்.
போஸ் குடித்துப்போட்ட சாராயப் போத்தல்களில்
வெந்நீர் ஊற்றி இறுக்கி மூடினேன்.
கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில்
முதல்முறையாக அவற்றால் ஒரு சூடு எனக்கு.

எட்டு மணிக்குக் கதவு தட்டினாள் அனுஷியா,
பக்கத்துக் காம்பரா.
இடுப்பில் நாலு மாதப் பிள்ளை,
கையில் கனன்றுகொண்டு ஒரு கரிச்சட்டி.
"எங்க தகரம் ஓட்டை அக்கா.
சும்மா வரக் கூச்சமா இருந்துச்சு,
நெருப்போட வந்தேன்."

"பிள்ளை உள்ளே. சட்டி வெளியே."

முகம் சுருங்கிப்போனது அவளுக்கு.
ஒன்றும் பேசாமல்
இஸ்தோப்பில் இறக்கி வைத்தாள்.
கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பையே
பார்த்துக்கொண்டு நின்றாள்.
அவள் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தது சித்திரையில்.
நவமணியை அவளுக்குத் தெரியாது.
பிள்ளை தூங்கட்டும், பிறகு சொல்லலாம்.

விளக்கை அணைக்குமுன்
மறுபடி ஸ்டூலில் ஏறினேன்.
"அடைச்சதை ஏம்மா எடுக்கிறீங்க?"
இரண்டு விரல் அகலத்துக்குச் சாக்கை இழுத்துவிட்டேன்.
நாலு பேர் மூச்சு விடணும் என்றேன்.

அந்த இரண்டு விரலும்
இரவு முழுக்க என் கழுத்திலேயே கிடந்தன.
வழியாக ஒரு நட்சத்திரம் வந்து,
நகர்ந்து, போனது.
நடுவில் விழித்து எண்ணினேன்.
டிலக்சி. அனுஷியா, குறட்டையோடு.
சின்னதைக் கேட்கவில்லை.
மூக்கடியில் விரல் வைத்தேன்.
சூடாக, கோபமாக, தும்மியது.

காலையில் மலை வெள்ளை.
வெயில் ஏறினால் கொழுந்து கருகிவிடும்,
இந்த வாரம் எத்தனை பேர் கிடைக்குமோ.
கிழங்குப் பாத்தியில் துணிகள்
அட்டைபோல விறைத்து நிற்கின்றன.
இஸ்தோப்புச் சட்டியின் விளிம்பிலும் வெள்ளை.
அனுஷியா சாம்பலைக் கிளறி
உள்ளே ஒரு கங்கு கண்டுபிடித்தாள்.
தேத்தண்ணிக்குப் போதும்.

இன்னும் இரண்டு இரவு.